பதினான்காம் எண் ஆட்டின் மரணச் சீட்டு

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆட்டக்கா என்றால்தான் தெரியும். பதினெட்டு வருஷமாக அங்கே ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் போனதும் ஒவ்வொன்றின் விலாவிலும் கை வைத்து மூச்சை எண்ணி, கூண்டில் தொங்கும் அட்டையில் எழுதுவாள். பஸ் ஓட்டும் கணவர், "எனக்குக் காய்ச்சல்னா தைலத்தை நீட்டிட்டுப் போயிடுவா. ஆடு இருமினா அன்னிக்கு வீட்ல அடுப்பே எரியாது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பிறக்கும்போதே இதயச் சுவரில் ஓட்டையோடு வரும் குழந்தைகளுக்கு, மார்பைப் பிளக்காமல் அதை அடைக்க அங்கே ஒரு மூடி செய்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஆட்டின் இதயத்தில் ஓட்டை போட்டு, தொடை வழியாகக் குழாய் விட்டு, அந்த மூடியைப் பொருத்திப் பார்ப்பார்கள். ஓட்டை போடுவதும் அவர்கள், அடைப்பதும் அவர்கள். ஆடு செத்தால் மட்டும் பழி ஆட்டக்கா மேல்!

மூடி பொருத்தியிருந்த பதினான்காம் எண் ஆடு, ஸ்கேனுக்கு மயக்க மருந்து கொடுத்தபோது செத்துப்போனது. மயக்கம் கொடுப்பதற்கு முந்தின நாள் முழுக்கத் தீனி கூடாது; தின்றது மேலேறி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஆடு சும்மா இருக்குமா? படுக்கை வைக்கோலையே மெல்லும். அதனால் வைக்கோலையும் வாரிவிட்டு வாய்க்கு வலை கட்டியிருந்தாள். மூடி ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஆட்டை அறுத்துப் பார்த்தபோது தட்டு பிடித்ததும் அவள்தான். மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தது. மூடிதான் இடத்தை விட்டு நழுவி, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் சிக்கிக் கிடந்தது.

மதியம் டாக்டர் எழுதிய மரணச் சீட்டு வந்தது. 'மூச்சுக்குழாயில் தீனி. பராமரிப்பில் கவனக்குறைவு.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம். அது இல்லாமல் சீட்டு செல்லாது.

"என்ன சார் இது? தீனியை எங்க பாத்தீங்க?"

"ஒரே ஒரு ஆடுதானே அக்கா. மூடி நழுவிச்சுன்னு எழுதினா முதல்லேருந்து ஆரம்பிக்கணும், ஒரு வருஷம் போயிடும். குழந்தைங்க காத்துட்டிருக்காங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத தப்பை ஒப்புக்கொள்ளச் சொல்வதுமில்லாமல், இதில் தயவு வேறு!

"நாளைக்கு ஒரு குழந்தைக்கு நழுவினா யார் தலையில கட்டுவீங்க சார்? பால் குடுத்த அம்மா தலையிலயா?"

அவள் பேனாவை எடுத்து அந்த இரண்டு வரியையும் அடித்தாள். 'தீனி கொடுக்கவில்லை. மூடி நழுவியிருந்தது. கண்ணால் பார்த்தேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இதைக் கிழிச்சிட்டு வேற சீட்டு எழுதினா என்ன பண்ணுவீங்க?" என்றார் டாக்டர்.

"தாராளமா கிழிங்க சார். அதுலயும் நான்தானே கையெழுத்துப் போடணும்?"