கிருமியைக் கொல்லும் என்ற வரி

என் மேசை மேல் ஓர் எண்ணெய்ப் புட்டி இருக்கிறது. எண்ணெய் தீர்ந்து நெடுநாளாயிற்று. பச்சை லேபிளில் கடையின் பெயர், விலை, அதற்குக் கீழே ஒரு வரி. அந்த வரி மட்டும் கறுப்பு மார்க்கரால் அழுத்தி அடிக்கப்பட்டிருக்கிறது. காலிப் புட்டியை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். நான் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். உண்மையைச் சொல்வதென்றால் அவர்களை உட்கார வைத்துத் திருக்கனூர்க்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் நுண்ணுயிரியல் ஆய்வு மாணவிகள். ஒரே மேசையில் வேலை. நான் மடுகரை, கரும்பும் நெல்லும் வைக்கிற வீடு. அவள் திருக்கனூர்க் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவரின் மகள். ஊர்ப் பெயரே அவளுக்குப் பெயராகிவிட்டது. மூலிகைச் சாறு கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஜெல்லி போல உறைந்த பிளேட்டில் கிருமியைத் தடவி, சாற்றில் நனைத்த சின்னத் தாள் வில்லையை அதன் மேல் வைத்து, கிருமி வளரும் சூட்டில் இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் பிளேட் முழுக்கக் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். சாற்றுக்குச் சக்தி இருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்துக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? வளையம் வரவில்லையென்றால் கோபத்தோடு பிளேட்டைக் கழுவப் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவேன். அவளுக்கோ வளையம் வந்தால்தான் சந்தேகம் வரும். சாறு எடுக்க இலையை ஊறவைக்கும் ஆல்கஹாலை, இலை போடாமல் வெறுமனே தனி வில்லையில் வைத்துப் பார்ப்பாள். "செடி கொன்னுச்சா, ஆல்கஹால் கொன்னுச்சா, அது தெரியாம இன்னாடி சந்தோஷம்?" என்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அவர்கள் கடைக்குப் பேரே ஒரு புண்ணெண்ணெயால்தான். குப்பைமேனியும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு அவள் அப்பாவே காய்ச்சுவார். கரும்பு வெட்டுகிறவர்கள், சேற்றில் நிற்கிறவர்கள், சர்க்கரை வியாதியில் காலில் புண் வந்தவர்கள் என்று சுற்றுவட்டாரமே அதைத்தான் தடவியது. 'எல்லாக் கிருமிகளையும் கொல்லும்' என்று லேபிளில் போட்டிருக்கும். ஒருநாள் அவள் ஒரு புட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். முகத்தில் அத்தனை பெருமை. "எங்கப்பா எண்ணெகிட்ட எந்தக் கிருமி நிக்குதுன்னு பாத்துடலாம்" என்றாள்.

மறுநாள் வளையம் இல்லை. கிருமி வில்லையின் ஓரம் வரை வந்து படர்ந்திருந்தது. எண்ணெய் ஜெல்லியில் பரவாது, இந்த முறையில் தோற்றால் தோற்றதாகாது என்றாள். அது உண்மைதான். ஆகவே எண்ணெயைத் திரவத்தில் கலக்கி, அதற்குள்ளேயே கிருமியை விட்டுப் பார்த்தாள். புதிதாகக் காய்ச்சியதைக் கொண்டுவந்தும் பார்த்தாள். கிருமி சுகமாக வளர்ந்தது. அதே குப்பைமேனியை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாற்றுக்கு வளையம் வந்தது. வெறும் ஆல்கஹாலுக்கு வரவில்லை. செடியில் சரக்கு இருந்தது, எண்ணெயில் அது இறங்கவில்லை.

எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர். "தீசிஸுக்கு எண்ணெய் தேவையில்லம்மா, விட்டுடு" என்றார். "எழுதறதுக்கு இல்ல சார். அத தெனம் புண்ணுல தடவிக்கிட்டு இருக்காங்க" என்றாள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தாள். "அந்தக் கடைய நம்பித்தான்டி எங்க வூடே ஓடுது." சொல்லாமலே விட்டுவிடேன் என்றேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவள் டப்பாவை மூடி வைத்தாள்.

அப்பாவிடம் சொல்லப் போகும்போது துணைக்கு என்னையும் அழைத்துப் போனாள். கடையில் வேறு ஆள் இல்லை. போனில் எடுத்த படங்களைக் காட்டி விளக்கினாள். அவர் சுக்கைத் தராசில் நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"எங்க தாத்தா காலத்துலேந்து ஓடுது. ஆறிப்போச்சுன்னு ஊரே வந்து சொல்லுது. நீ போட்டோ காட்ற."

"ஆறுனவங்கதான்பா வந்து சொல்றாங்க. ஆறாதவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடறாங்க, அவங்க இங்க வந்து சொல்ல மாட்டாங்க. கடைய மூடச் சொல்லல. அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க."

"உன்னப் படிக்க வச்சதே அந்த எண்ணெதாம்மா" என்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் மகளோடு பேசவில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான். அவள் விட்டுக்கொடுக்கவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. காலையில் கிளம்பும்போது "போயிட்டு வரேம்பா" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள், பதில் வராது. நானாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன், போய்க் காலில் விழுந்திருப்பேன். எங்கிருந்து அவளுக்கு அந்தத் தெம்பு வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிறகு ஒருமுறை திருக்கனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன நான், என் அம்மாவுக்குத் திப்பிலி வாங்க அந்தக் கடைக்குள் நுழைந்தேன். செல்லிப்பட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து எண்ணெய் கேட்டுக்கொண்டிருந்தார். காலில் துணி சுற்றியிருந்தது. புட்டியை எடுத்து நீட்டப் போன கடைக்காரர், "துணிய அவுரு" என்றார். குனிந்து பார்த்தார். புட்டியைத் திரும்ப வைத்தார்.

"சர்க்கரை இருக்குதா?"

"இருக்குது மொதலாளி."

"ஆஸ்பத்திரிக்குப் போ. இப்பவே போ."

"இன்னா மொதலாளி, எண்ணெ இல்லியா?"

"எண்ணெ இருக்குது. உன் புண்ணுக்கு இல்ல."

பெரியவர் முனகிக்கொண்டே போனார். இவர் கல்லாவில் கிடந்த மார்க்கரை எடுத்து அந்தப் புட்டியின் வரியை அடித்தார். பிறகு அடுத்த புட்டியை எடுத்தார். வரிசையாக அடித்துக்கொண்டே போனார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் நின்றேன். முடித்ததும் முதலில் அடித்த புட்டியையும் ஒரு பல்பொடிப் பொட்டலத்தையும் என் பக்கம் தள்ளினார். பல்பொடியும் அவர் கையால் அரைப்பதுதான்.

"அவகிட்ட குடு. இதையும் போட்டுப் பாக்கச் சொல்லு."

இப்போது அச்சாகி வரும் லேபிளில் அந்த வரி இல்லை. எண்ணெய் கால்வலிக்கு என்று விற்கிறது. முன்பு போல ஓடவில்லை, ஆனால் கடை இருக்கிறது. அவள் வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் வேலைக்குப் போகும்போது புட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். வளையம் வராத பிளேட்டைக் கழுவப் போட எனக்கு இப்போது சட்டென்று கை வருவதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் இந்தப் புட்டியை அவளிடம் கொடுத்தபோது, அடித்த வரியைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கண்ணீர் லேபிள் மேலேயே விழுந்தது. பிறகு பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இது எப்ப அரைச்சதுன்னு கேட்டியாடி?" என்றாள்.