சீல் வைத்த தாள்

சனிக்கிழமை காலை ஒன்பது பத்து. எங்கள் கிளை நூலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, அறிவிப்புப் பலகையில் அடுத்தடுத்து ஒட்டியிருந்த இரண்டு தாள்கள். இடப்பக்கத் தாளில், வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு செய்தி: கொய்யா இலைக் கஷாயத்தை ஒரு மண்டலம் குடித்தால் சர்க்கரைக்கு மாத்திரையே வேண்டாம். அதன் தலையில் சிவப்பு மையில் ‘இது தவறு’ என்று எழுதியிருந்தது. வலப்பக்கத் தாளில் ஏன் தவறு என்ற விளக்கம். கீழே, நூலகத்தில் இருக்கும் மருத்துவப் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும். இரண்டு தாள்களிலும் ஊதா நிற வட்ட சீல். சுவரில் ஏறும் எந்தத் தாளுக்கும் சீல் குத்துவது அங்கே வழக்கம்.

எழுதி ஒட்டியவர் நூலகர், நாற்பதைத் தாண்டிய பெண். சனிக்கிழமைதோறும் நாளிதழ் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். அன்று ஒரு தட்டை வரைந்து, பாதியைக் காய்க்கும் கீரைக்கும் ஒதுக்கினார்.

“பாதி தட்டு கீரையா? நான் இன்னா ஆடா மேடம்?” என்றார் பாரிவாக்கத்திலிருந்து வரும் ஷேர் ஆட்டோ ஓட்டுநர். பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்.

“ஆடு ஒழுங்காத்தான் சாப்பிடுதுண்ணா. நீங்கதான் மூணு வேளையும் சோறு. மாத்திரையாவது போடறீங்களா?”

“போட்டுகினுதான் கீறேன். சவாரி கீது, வரட்டா?”

நூலகர் பலகையிலிருந்த தாள்களைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே அவர் கிளம்பிவிட்டார். அதன் பிறகு அவர் நூலகத்துக்கு வரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் மனைவி வந்து, நூலகரிடம் போனை நீட்டினார். திரையில் அந்த இடப்பக்கத் தாள். யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். மேலே இருந்த சிவப்பு எழுத்து வெட்டுப்பட்டிருந்தது. கீழே சீல் தெளிவாக இருந்தது.

“எங்க தெரு குரூப்ல வந்திச்சு மேடம். மத்தது எதையும் நம்ப மாட்டாரு. உங்க சீல் கீதுன்னுதான் மாத்திரைய நிறுத்திட்டாரு. ‘அந்தம்மா போட்டா கரீட்டாத்தான் இருக்கும்’னாரு.”

“இப்ப எங்க இருக்காரு?”

“ஆஸ்பத்திரில. செருப்பு கடிச்ச புண்ணு, கறுத்துப் போச்சு. கால எடுக்கணுமோ இன்னாவோன்றாங்க.”

நூலகர் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார்: ‘அந்தப் படத்தை நம்பாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.’ சீலை எடுத்து மையில் அழுத்தினார். தாளுக்கு மேலே ஒரு கணம் பிடித்திருந்துவிட்டுக் கீழே வைத்தார்.

மனைவி அந்தத் தாளைப் படம் எடுத்துத் தெரு குரூப்பில் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போதே பதில் வந்துவிட்டது. நின்று படித்தார்.

“இதுல சீல் இல்லியே, யார் எழுதினதுன்னு கேக்கறாங்க மேடம்.”

நூலகர் சீலைக் குத்தினார். மனைவி மறுபடியும் படம் எடுத்து அனுப்பினார்.

மறுவாரம் ஓட்டுநரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.