கொலுவுக்குப் போன கிடார்

எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் சங்கீதம் வரும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டில் பிறந்துவிட்டு ஸ்வரம் தப்பிப் பாடுவது, பரீட்சையில் தோற்பதைவிடக் கேவலம். அப்பா ஆபீஸ் போன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அம்மா குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தால்கூட ராகத்தை முடித்துவிட்டுத்தான் இறக்குவாள். அண்ணா என்னைவிட ரொம்பப் பெரியவன். காலேஜில் படிக்கும்போதே மார்கழியில் அவனுக்கு மத்தியானக் கச்சேரி கிடைத்துவிட்டது. கேட்க வந்தவர்கள் எங்கள் உறவுக்காரர்களும், கேன்டீன் திறக்கக் காத்திருந்தவர்களும்தான். இருந்தாலும் வித்வான் வித்வான்தானே.

எனக்கும் பாட்டு வாத்தியார் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் நான் சரளி வரிசை பாடும்போது அண்ணா உள்ளேயிருந்து வந்து, காதில் ஒரு விரலை விட்டுக்கொண்டு, அம்மாவிடம் சொன்னான்: "இவ ஞானசூன்யம்மா. இவளுக்குச் சொல்லிக் குடுத்துப் பிரயோஜனம் இல்லை."

அம்மா அன்றைக்கே வாத்தியாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாட்டு நின்றது. என்னை தி. நகரில் ஹிந்தி வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். வரிசையாகப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தேன். அந்த ஹிந்தி இப்போது டைல்ஸ் ஒட்ட வருபவர்களோடு பேச உதவுகிறது.

இதை நான் எப்போதோ மறந்திருப்பேன். நவராத்திரி மறக்க விடவில்லை. எங்கள் பக்கத்தில் கொலு பார்க்கப் போனால் பாடாமல் சுண்டல் வாங்க முடியாது. பாயில் உட்கார்ந்த உடனே, "ஒரு பாட்டுப் பாடேன்" என்பார்கள். வந்தவர்களும் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, தொண்டை சரியில்லை என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு, அப்புறம் ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள். இப்போதெல்லாம் பாதிப் பேருக்கு சாகித்யமும் நினைவில் இல்லை. போனைத் திறந்து வைத்துக்கொண்டு, கரண்ட் பில் படிப்பதுபோல் பாடுகிறார்கள். அவர்களெல்லாம் ஞானஸ்தர்கள். என் முறை வரும்போது மட்டும் மன்னி, அதாவது அண்ணாவின் மனைவி, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "அவ பாட மாட்டா, அவளுக்கு முதல்ல சுண்டல் குடு" என்பாள். கரிசனமாகத்தான் சொல்வாள். ஒவ்வொரு வருஷமும் அந்தச் சுண்டலை நான் தின்னாமல் பைக்குள் திணித்துக்கொண்டு வருவேன்.

என் பையன் வேலைக்கு வெளிநாடு போனபோது நாங்கள் இப்போது இருக்கும் அடையாறு வீட்டில் ஒரு கிடாரையும், டிவியில் மாட்டி விளையாடும் ஒரு பெட்டியையும் விட்டுப் போனான். இரண்டையும் ஒரு ஒயரால் இணைத்தால் கிடார் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு ஒன்று வரும். எடைக்குப் போடலாமா என்று அவனிடம் கேட்டேன். "நீதான் விளையாடிப் பாரேன்மா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே ஒயரை மாட்டினேன்.

டிவியில் ஒரு நீளமான ரோடு தெரியும். தூரத்திலிருந்து நிறம் நிறமாகக் கட்டைகள் நம்மை நோக்கி வரும். ஒவ்வொரு தந்திக்கும் ஒரு நிறம். எந்த நிறம் வருகிறதோ அந்தத் தந்தியில், எந்த எண் போட்டிருக்கிறதோ அந்தக் கட்டத்தில் விரலை அழுத்தி, சரியான சமயத்தில் மீட்டிவிட வேண்டும். கூடவே அசல் பாட்டு முழங்கிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு தந்தியை ஒரே ஒரு தடவை தட்டியதற்கு, பிரமாதம், அற்புதம் என்று அந்தப் பெட்டி இங்கிலீஷில் புகழ்ந்து கொட்டியது. பின்னாலிருந்து ஒரு கூட்டம் கைதட்டியது. எங்கள் பரம்பரையில் ஒருத்தர் இன்னொருத்தரைப் பாராட்டி நான் கேட்டதில்லை. ஆகவே எனக்கு அருவருப்பாக இருந்தது. மறுநாளும் மாட்டினேன்.

அந்த விளையாட்டில் ஒரு மோசடி உண்டு. நமக்குப் பாட்டு வரவில்லை என்றால் அது திட்டாது, நிறுத்தாது. சத்தம் போடாமல் கட்டைகளைக் குறைத்துவிடும். பத்து வர வேண்டிய இடத்தில் மூன்று வரும். அந்த மூன்றையும் தட்டிவிட்டு, மொத்தப் பாட்டையும் வாசித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரரும் இப்படித்தான். உப்புமா தீய்ந்து போனாலும் "நன்னா இருக்கு" என்பார். டிவி என் வசம் வந்துவிட்டதால் கிரிக்கெட்டைப் போனில் பார்த்துக்கொண்டு, நான் எதை வாசித்தாலும் தலை நிமிராமல் "நன்னா இருக்கு" என்றார். இரண்டு பேருக்கும் காது கிடையாது என்று முடிவு கட்டினேன்.

ஆனாலும் விடவில்லை. விரல் நுனிகள் சிவந்து வெடித்தன. புளி கரைக்கும்போது உயிர் போனது. அப்புறம் தோல் தடித்துக் காய்த்துப்போய், சூடான தோசைக்கல்லில் கை பட்டால்கூட உறைக்கவில்லை. கட்டைகள் கூடின. பாட்டுக்கு முடிவில் வரும் மார்க் தொண்ணூறைத் தாண்டியது.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அந்தப் பெட்டி தந்திகளைச் சுருதி சேர்க்கச் சொல்லும். திரையில் ஒரு முள் ஆடும். கிடாரின் தலையில் இருக்கும் முடுக்கியைத் திருகித் திருகி முள் நடுவில் வந்தால் பச்சை விளக்கு எரியும். முதலில் நானும் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து, பச்சை எரிவதற்கு முன்பே என் கை நின்றுவிடுவதைப் பார்த்தேன். நான் நிறுத்திய பிறகுதான் முள் வந்து சேர்ந்தது. அதற்கு மார்க் கிடையாது, கைதட்டலும் கிடையாது. அதனால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் கணக்கெல்லாம் நவராத்திரி மேல் இருந்தது. அந்தப் பாயில், அண்ணா காதில் விழும்படி, ஒரு பாட்டை முழுசாக வாசித்துவிட்டு எழுந்து வர வேண்டும். ஞானசூன்யம் என்ற சொல்லை அவன் வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வைக்க வேண்டும். வார்த்தை இல்லாத, மெதுவாகப் போகும் ஒரு இங்கிலீஷ் மெட்டைத் தேர்ந்தெடுத்தேன். தினமும் அதையே வாசித்தேன்.

கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டுப்புடவையோடு தெருவில் நின்றபோது ஆட்டோக்காரர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கேட்டார்: "இன்னாக்கா, கச்சேரியா?"

"கொலுவுக்கு."

"கொலுவுக்கு கிடாரா? செம" என்று வண்டியைக் கிளப்பினார். அடையாறு பாலத்தில் காற்று அடித்தபோது உறையின் ஜிப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். 

அண்ணா வீட்டுக் கூடம் நிறைய மாமிகள். படிகளில் வழக்கமான பொம்மைகள், கீழே பூங்கா, அதில் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வெட்டி நட்ட புல்வெளி. மூலையில் சுருதிப் பெட்டி தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. மன்னி என்னைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள். "இதென்னடி கிரகசாரம்? கிறிஸ்துமஸுக்கா வந்திருக்கே?" என்றாள். மாமிகள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தி நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் போனைப் பார்த்துப் பாடி, சரணத்தில் வேறு பாட்டுக்குப் போய்விட்டு வந்தவள். நான் பாயில் உட்கார்ந்து கிடாரை எடுத்து மடியில் வைத்து ஒரு தந்தியை மீட்டினேன்.

சுருதி சேரவில்லை. வீட்டில் முள் காட்டியபடி பச்சைக்குச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். இங்கே மன்னி தன் தொண்டைக்குத் தோதாகச் சுருதிப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தாள். இரண்டும் ஒன்றோடொன்று உரசின. முன்வரிசை மாமி முகத்தைச் சுளித்தாள். நானும் சுளித்தேன். யோசிக்கவில்லை. கை முடுக்கிக்குப் போய்விட்டது. முள் இல்லை, விளக்கு இல்லை. ஒவ்வொரு தந்தியாக மயிரிழை மயிரிழையாக இறக்கிக்கொண்டு வந்தேன். கடைசித் தந்தியும் சுருதிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டபோது முன்வரிசை மாமியின் சுளிப்பும் நேராகியிருந்தது.

உள்ளேயிருந்து அண்ணா வந்தான். காதில் விரல் இல்லை. "யாரு சேத்தா? சுத்தமா சேர்ந்திருக்கே" என்றான். மன்னி என்னைக் காட்டினாள். "பேஷ். வாசி, கேப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். வீட்டில் டிவி இருக்கும் இடத்தில் இங்கே தசாவதாரம் இருந்தது. ரோடு வரவில்லை. கட்டைகள் வரவில்லை. முதலில் சிவப்பா, மஞ்சளா என்றுதான் மனசு தேடியதே தவிர, அடுத்த சத்தம் என்ன என்று தேடவில்லை. தினமும் வாசித்த பாட்டில் எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. வந்த கட்டையை அடித்துக்கொண்டே போயிருக்கிறேன், பாட்டைக் கேட்டதே இல்லை. மூன்று ஸ்வரம் வாசித்தேன். நான்காவது தப்பு. திரும்ப ஆரம்பித்தேன். இந்தத் தடவை மூன்றாவதே வரவில்லை.

பக்கத்து மாமி இரக்கப்பட்டு, "போன்ல போட்டுண்டு பாத்து வாசியேன்" என்றாள். அப்படிப் பாடுகிறவர்களைப் பார்த்து எத்தனை சிரித்திருக்கிறேன். என் பாட்டோ போனில்கூட இல்லை. அடையாறில் ஒரு பெட்டிக்குள் இருந்தது.  அவமானமாக இருந்தது, அதைவிட அந்தப் பெட்டியின் மேல் ஆத்திரமாக இருந்தது.

அண்ணாதான் பேசினான். "பாட்டு மறந்துபோனா போறது. தம்புராவாட்டம் சும்மா மீட்டிண்டிரு, கொழந்தை பாடட்டும்." கொழந்தை என்பது அவன் பெண். கல்யாண வயசு. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அண்ணா என் பக்கம் சாய்ந்து, நிஜமான ஆச்சரியத்தோடு சொன்னான்: "உனக்கு இவ்வளவு சுருதி ஞானம் இருக்கே. ஏன் பாட்டை விட்டே?"

"நீதான் நான் ஞானசூன்யம்னு சொன்னே. அதுக்கப்புறம்தான் என்னை ஹிந்தி கிளாஸ்ல போட்டா."

"நானா? எப்போ?" என்றான். நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நடிக்கவில்லை, எனக்கு அவன் முகம் தெரியும். "சும்மா கேலிக்குச் சொல்லியிருப்பேன்" என்று சிரித்துவிட்டு, மன்னி நீட்டிய சுண்டலை வாங்கிக்கொண்டான்.

இத்தனை வருஷம் நான் யாரிடம் வழக்காடிக்கொண்டிருந்தேனோ, அந்த நீதிபதிக்கு வழக்கே ஞாபகம் இல்லை. தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டான். நான் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, ஒவ்வொரு நவராத்திரிக்கும் கூடவே அழைத்து வந்திருக்கிறேன். அவன் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இவன் பேச்சைப் போய்ப் பெரிதாக நினைத்தோமே என்று இளப்பமாக இருந்தது. சுண்டல் கடலைத் தோல் ஒன்று அவன் பல்லில் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை.

அவன் பெண் பாடினாள். நான் மீட்டவில்லை. "சுருதிப் பெட்டிதான் இருக்கே மன்னி, அது போதும்" என்று கிடாரை உறையில் போட்டேன். அனுபல்லவியில் அந்தப் பெண் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கப் போய்க் கொஞ்சம் கீழேயே நின்றாள். எனக்குப் பல் கூசியது. சுற்றிலும் பார்த்தேன். ஒரு மாமி முகமும் சுளிக்கவில்லை. அண்ணா கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா" என்றான். வெற்றிலை பாக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் ஆபீஸ் போனதும் கிடாரை எடுத்தேன். ஒயரை மாட்டவில்லை. டிவி கறுப்பாக இருந்தது, அதில் நைட்டியோடு நான்தான் தெரிந்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, காதாலேயே சுருதி சேர்த்துவிட்டு, மெட்டின் முதல் வரியை மனசுக்குள் பாடிப் பார்த்து மீட்டினேன். மூன்று ஸ்வரம் வந்தது. நான்காவது தப்பு. தப்பு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே கேட்டது.