நாமக்கோழிகளோடு என் பகை

முப்பத்திரண்டு வயதில், ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையில் மண்பானையைக் கவிழ்த்துக்கொண்டு கண்மாயில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றேன். ஏதோ வேண்டுதல் என்று நினைக்க வேண்டாம். பழி.

எதிரி நாமக்கோழி என்கிற நீர்ப்பறவை. கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை, பார்த்தால் பரம சாது. யுத்த காலம், விதைநெல் கண்ணில் படாது. திருச்சுழிப் பக்கம் கண்மாய் நிறைவதும் அபூர்வம். அந்த ஐப்பசியில் நிறைந்தது. கரைக்குக் கீழே எனக்கிருந்த துண்டு நிலத்தில் நாற்றுப் பாவினேன். கொக்கும் நாரையும் தம்பாட்டுக்கு மீன் தின்ன, நாமக்கோழிகள் கரையேறி வந்து நாற்றை மொட்டையடித்துவிட்டுப் போயின. நெல் கொட்டிவைக்கும் குலுக்கையின் அடியில் கிடந்த விதையெல்லாம் வழித்து மறுபடி பாவினேன். இதுவும் போனால் வயல் தரிசு.

சபதம் செய்பவர்கள் கூந்தலை அவிழ்த்துவிடுவது வழக்கம். எனக்கு அப்போதே வழுக்கை. துண்டை அவிழ்த்து உதறினேன்.

இரண்டாவது நாற்று நாலு விரல் உயரம் வந்தது. ஒரு கோழியும் தொடவில்லை.

"அதான் இப்ப வரலையே, விடுங்க" என்றாள் மனைவி.

"முன்னால தின்னதுக்கு?"

"அதுக்கு என்ன, வயித்தக் கீறி எடுத்து நடப் போறீகளா?"

ஏறக்குறைய அதுதான் என் எண்ணம். அவற்றைக் குழம்பு வைத்துத் தின்றாலொழிய என் நாற்று என்னிடம் திரும்பாது என்று நம்பினேன். வகுப்பில் வகுத்தல் கணக்குப் போடும்போதுகூட, மனசுக்குள் ஒரு கழுத்தைத் திருகிக்கொண்டேதான் மீதி கண்டேன்.

பக்கத்து வயல்காரர் வழி சொன்னார். நாலைந்து பானைகளைத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். பறவைகள் பழகியபின் ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்து மெல்லப் போய், நீருக்கடியில் காலைப் பிடித்து இழுக்க வேண்டும். அப்படியே இறங்கினேன். ஒரு நீர்க்காகம் வந்து என் பானைமேல் உட்கார்ந்து, சிறகை விரித்துக் காயவைத்தது. விரட்டினால் நாமக்கோழி கலைந்துவிடும். ஒருவனைப் பழிவாங்க இன்னொருவன் செய்யும் அவமானத்தைப் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் இரண்டு கால்கள் எட்டின. பாய்ந்தேன். கையில் வந்தது அல்லித் தண்டு. பானை சரிந்து கண்ணை மறைத்தது. கூட்டம் மொத்தமும் தண்ணீரைப் படபடவென்று அடித்துக்கொண்டு எழும்பும் சத்தம் கேட்டது.

'ஓடுங்கள்' என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே பானையைக் கழற்றினேன். கூட்டம் கரையைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இருந்த ஒரே பச்சை என் நாற்றங்கால். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக் கரையேறிச் சேர்வதற்குள் அவை முக்கால்வாசியை முடித்திருந்தன.

சாயங்காலம் பக்கத்து வயல்காரர் வந்து வரப்பில் நின்று பார்த்தார்.

"பத்து நாளா பாசியத் தின்னுக்கிட்டு, அதுக பாட்டுக்கு உள்ள கெடந்துச்சுக. வாத்தியாரய்யாதான் நேர்ல போயிக் கூப்பிட்டு வந்து எலை போட்டிருக்கீக" என்றார்.