மேல்மலை உண்ணி

எங்கள் தோட்டத்தின் மேல்மலையில் இப்போது யாரும் கொழுந்து எடுப்பதில்லை. ஆள் இல்லையென்று நிர்வாகம் கைவிட்ட இடம் அது. தேயிலையெல்லாம் மரமாகிவிட்டது, பக்கத்துக் காடு இறங்கி வந்து அதோடு கலந்துவிட்டது. காட்டுப்பன்றியும் மரைமானும் அங்கேயே படுத்து எழும்புகின்றன. அவை நடந்த தடத்தில், புல் நுனிகளில், எள்ளை விடச் சின்னதாக உண்ணிக் குஞ்சுகள் காத்திருக்கும். மழைக்காலத்தில் அட்டை, மழை விட்டால் இது. கேஸ் விற்கிற விலைக்கு நாங்கள் விறகுக்கு அங்கேதான் போக வேண்டும்.

அட்டை கடித்தால் எங்கள் பெண்கள் காலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். உண்ணி என்றால் மூச்சு விடமாட்டார்கள். அது நாய்க்கும் மாட்டுக்கும் வருவதாம். மனுஷிக்கு வந்தால் குளிக்காதவள் என்று பேச்சு வருமாம். என்ன கௌரவமோ, போங்கள்.

மாசியில் என் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பனடோல் போட்டுப் போட்டு வேலைக்குப் போனாள். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி எழும்பிய பிறகுதான் என் பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டொக்டர் தமிழில்தான் கேட்டார்.

“காட்டுப் பக்கம் போனீங்களா? உண்ணி ஏதும் கடிச்சிச்சா?”

“இல்லீங்க சேர். அட்டைதான்.”

“எங்கயாவது கறுப்பா புண் இருக்கா?”

“இல்லீங்க.”

இடுப்பைப் பார்க்க வந்த நர்ஸின் கையையும் தட்டிவிட்டாள். டெங்குவாக இருக்குமோ என்று இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நினைவு தப்பியது. பிறகு சந்தேகத்தின் பேரில் உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்தும் கொடுத்தார்கள். பிந்திவிட்டது. முதலிலேயே தெரிந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றார் டொக்டர்.

லயத்து வீட்டில் அவள் உடம்பைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். கொழுந்து எடுக்கையில் சேலை நனையாமல் படங்குச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டுகிற இடத்தில், இடுப்பில், கறுத்துக் காய்ந்த புண். உண்ணியைப் பிய்த்து எறிந்திருக்கிறாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா” என்று செத்தவளிடம் கத்தினேன்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி செம்பைக் கீழே வைத்தாள்.

“எனக்கும் ரெண்டு இருந்துச்சு. பிச்சு எறிஞ்சிட்டேன்.”

“எனக்கும்” என்றாள் கால்மாட்டில் நின்றவள்.

இரண்டு பேரும் அக்காவோடு விறகுக்குப் போகிறவர்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கும் எங்களோடு வந்தவர்கள். டொக்டர் கேட்கும்போது கட்டில் பக்கத்தில்தான் நின்றார்கள்.