ஏழு மணி லத்தீன்

மருமகள் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியபோது எங்கள் சாங்வி வீட்டில் அவளைவிட அதிகம் குஷியானவன் நான்தான். அவள் பார்த்துவந்த புராஜெக்ட் முடியப்போகிறது. ஸ்பானிஷில் பேசிக் காட்டினால் அடுத்ததில் இடம் உண்டு, இல்லாவிட்டால் வேலை போய்விடும். அதற்காக வகுப்புத் தோழி ஒருத்தியோடு தினமும் மாலை ஏழு மணிக்குப் போனில் பேசிப் பழகினாள்.

அந்த ஏழு மணிக்குத்தான் நான் போய் உட்காருவேன். பாதிரியார்கள் நடத்திய கல்லூரியில் படித்த லத்தீன், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஆயுள் முழுக்க யாருக்கும் தேவைப்படாமல் கிடந்தது. பெரியவர் பேச வந்தால் போனை வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவளும் வைத்தாள்.

"ராத்திரிக்கு லத்தீன்ல நோக்தெம். ஸ்பானிஷ்ல நோச்சே, இங்கிலீஷ்ல நாக்டர்னல். பால் லாக்தெம், லெச்சே, லாக்டோஸ். எட்டு ஓக்தோ, ஓச்சோ, அக்டோபர். பார்த்தியாம்மா, 'க்த' வந்த இடமெல்லாம் 'ச்ச' ஆயிடுச்சு!"

"சரி மாமா."

"மகள், ஃபீலியா. முன்னால இருந்த 'ஃப' விழுந்துடுச்சு. ஸ்பானிஷ்ல ஈஹா. இங்கிலீஷ்ல அது பத்திரமா இருக்கு, ஃபிலியல்."

"கடக்வாஸ்லா அணை மதகையே திறந்து விட்டுட்டீங்களேப்பா. அவளைக் கொஞ்சம் பேச விடுங்க" என்றான் மகன். சிரித்தேன், நிறுத்தவில்லை. கையில் காபி டம்ளர், உதட்டோரம் எச்சில் நுரை, எதிரே எழுந்து போக முடியாத ஒரு பெண். இன்று நினைத்துப் பார்க்கையில் அந்தக் கிழவன் அருவருப்பாக இருக்கிறான்.

தேர்வில் கேட்டது எளிய கேள்வி: உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

"ஃபீலியா, ஃபிலியல்னு உங்க குரல்தான் மாமா காதுல கேட்டுச்சு. அவ ஸ்கூல் போறாங்கிறதுக்குக்கூட ஒரு வாக்கியம் வரலை" என்றாள், பையைக்கூடக் கீழே வைக்காமல்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "உனக்கு வேர் இன்னும் பிடிபடலைம்மா" என்றேன். ஒரு மனுஷன் சொல்லக்கூடிய பேச்சா அது?

வேலை போனது. இப்போது வேறொரு கம்பெனிக்காக மறுபடியும் படிக்கிறாள். அதே ஏழு மணி, பால்கனியில். நேற்று, காய்ந்த துண்டை எடுக்க அந்தப் பக்கம் போனேன். நல்ல வேகத்தில் ஸ்பானிஷில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, நீ பேசு."

"பரவாயில்லை, சொல்லுங்க மாமா" என்று காத்திருந்தாள்.