சேற்றுக்காரி எதெலாவுக்கு வந்த சீட்டு

ஸ்லாத்தினாவில் பிறந்தவர்களுக்கு வெந்நீர் ஓர் அதிசயமே இல்லை. தோண்டினால் ஆவி வரும், ஆவி வந்தால் மூக்கில் அழுகிய முட்டை வாடை ஏறும், அவ்வளவுதான். எந்தெந்த ராஜா வந்து முழங்காலை நனைத்துக்கொண்டு போனார் என்று குளியல்கூடத்து வாசல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ராஜாக்களின் முதுகில் சேற்றை அப்பியது யார் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

எதெலாவின் வம்சத்தில் பாதிப் பேர் அந்தச் சேற்றில்தான் கஞ்சி குடித்தார்கள். அம்மா கத்ரீனா குளியல்கூடத்தில் துப்பட்டி வெளுத்தவள். அம்மாவின் அண்ணன் யூராய் ஆற்றின் பக்கவாய்க்காலில் சேறு வாரியவர். யூராயின் மனைவிதான் இருபத்து மூன்று வயதில் எதெலாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பெண்கள் பகுதியில் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக அவள் சேற்றுக்காரி.

வேலை என்னவென்றால், ஊற்றுத் தண்ணீரில் ஊறிக் கொதிக்கும் கருஞ்சேற்றை வாளியில் அள்ளிவந்து, கட்டிலில் விரித்த முரட்டுத் துணிமேல் கொட்டிப் பரப்ப வேண்டும். அதன்மேல் நோயாளியைப் படுக்கவைத்துத் துணியால் மூடி, துப்பட்டியால் சுற்றி, கம்பளியால் இறுக்கிக் கட்ட வேண்டும். கை இரண்டும் உள்ளே போய்விடும். இருபது நிமிஷத்துக்கு முகம் மட்டும் வெளியே. ஒருத்திக்கு இரண்டு வாளி. ஒரு நாளைக்கு இருபத்து நாலு பேர். எதெலா கணக்குப் பார்த்ததில்லை, அவளுடைய வலது தோள் பார்த்து வைத்திருந்தது.

ஐம்பத்தொரு வயதில் அந்தக் கை மார்புக்கு மேல் ஏற மறுத்தது. தலை சீவ முடியவில்லை. கணவன் இம்ரிக் ரயில்வே கேட்டில் வேலை பார்ப்பவன். காலையில் கேட்டுக்குப் போகுமுன் அவளுக்குச் சடை போட்டுவிடுவான், மாட்டுக்குக் கயிறு திரிக்கிற மாதிரி. அந்தச் சடையோடு அவள் தெருவில் போனால் ரொட்டிக்கடைக்காரி, இன்னிக்கு ரெண்டு ரயில் லேட்டோ, சடை நல்லா வந்திருக்கே என்று கேட்பாள்.

டாக்டர் பளிச்சென்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் ஒரு பாரமும் தூக்காமல் முறையாகச் சிகிச்சை எடுத்தால் கை ஏறும். இல்லையென்றால் அடுத்த இலையுதிர் காலத்துப் பரிசோதனையில் அவளைச் சாவி அறைக்கு மாற்றச் சொல்லி எழுதியாக வேண்டும். சாவி அறை என்றால், குளிக்க வருகிறவர்களுக்குத் துணிப்பெட்டிச் சாவி எடுத்துக் கொடுக்கத் தேய்ந்துபோனவர்களைப் போட்டுவைக்கிற இடம். கத்ரீனாவும் கடைசி ஆறு வருஷம் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் சாவியைப் பார்த்தார்கள், அவளைப் பார்க்கவில்லை. அந்த நாற்காலியில் உட்காருவதைவிடக் கையே போனாலும் போகட்டும் என்றிருந்தாள் எதெலா.

சரி, வேலை முடிந்ததும் அவளே சேற்றில் படுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். படுத்துப் பார்த்தாள். இரண்டு நாள் யோலானா கட்டிவிட்டாள். யோலானா கூட வேலை செய்கிற இன்னொரு சேற்றுக்காரி, எதெலாவைவிடப் பதினெட்டு வயது சின்னவள். முதல் நாள் ஒரு விரற்கடை ஏறிய கை, மறுநாள் வாளி தூக்கியதும் இரண்டு விரற்கடை இறங்கியது. சேறு மட்டும் போதாது, ஓய்வு வேண்டும். ஓய்வுக்குச் சிகிச்சைச் சீட்டு வேண்டும். சீட்டைத் தலைநகரத்துக் கமிட்டி தர வேண்டும்.

தோள் வலிக்கத் தொடங்கியதிலிருந்தே, ஆறு வருஷமாக, விண்ணப்பம் போட்டுவந்தாள். ஆறு வருஷமும் ஒரே பதில் வந்தது. "விண்ணப்பதாரர் ஊற்று நகரத்திலேயே வசிப்பவர். ஆகையால் தேவை எழவில்லை." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்போல. ரொட்டிக்கடைக்காரியும் கமிட்டி கட்சிதான்.

"நாள் முழுக்கச் சேத்துலதான கெடக்கே. இன்னும் எதுக்குடி உனக்குச் சேறு?" என்றாள்.

"நீ நாள் முழுக்க ரொட்டி பக்கத்துல நிக்கிறியே, உனக்குப் பசிக்காதா?" என்று எதெலா திருப்பிக் கேட்டாள்.

வழி சொன்னது இம்ரிக்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோஸ் சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னான். எதெலாவின் தங்கை ரொசாலியா லெஹோட்டாவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவள் வீட்டு விலாசத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் எதெலா ஊற்று நகரத்துக்காரி ஆகமாட்டாள் அல்லவா? ரொசாலியா சம்மதித்தாள். ஆனால் அவள் சும்மா எதையும் தருகிறவள் இல்லை, அப்பா சாடை அப்படியே. குளிர்காலத்தில் வந்து, தலையணைக்குத் திணிக்க வாத்து இறகைத் தண்டிலிருந்து கிழித்துக் கொடுக்க வேண்டும் என்றாள். இறகு கிழிக்க வலது கை வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. எதெலா மூன்று சனிக்கிழமை போய் இடது கையால் கிழித்தாள்.

பெயரைப் பதிந்த நாளிலிருந்து அவளுக்குள் ஓர் ஆசை வளர்ந்தது. வடக்கே மலைப்பக்கம் ஒரு ஊற்று ஊர் இருக்கிறது. அங்கே தன்னை யாருக்கும் தெரியாது. வேறு ஊர்த் தண்ணீர், வேறு ஒருத்தியின் கை. கண்ணை மூடிப் படுத்திருக்கலாம். இம்ரிக்கிடம் புதுச் செருப்புக்கூட வாங்கிவரச் சொன்னாள்.

மார்ச் மாதத்தில் சீட்டு வந்தது. இருபத்தொரு நாள், மே மாதம். இடம் என்ற வரியில், வசிப்பிடத்துக்கு மிக அருகிலுள்ள ஊற்று நகரம் என்று அச்சடித்து, பக்கத்தில் மையால் எழுதியிருந்தார்கள்: ஸ்லாத்தினா.

இம்ரிக் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எதெலா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. இடத்தை மாற்றச் சொல்லி எழுதினால் பதிவைத் துருவுவார்கள். துருவினால் உள்ளதும் போய்விடும். உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும், தெரியாத இடம் கமிட்டி ஒன்றுதான்.

சீட்டில் பஸ் டிக்கெட்டை ஒட்டிக் காட்ட வேண்டும் என்றிருந்தது. ஆகவே மே மாதம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை எதெலா பெட்டியோடு பஸ் ஏறி லெஹோட்டாவுக்குப் போனாள். அங்கே இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, அடுத்த பஸ்ஸில் ஸ்லாத்தினாவுக்கு வந்து சேர்ந்தாள். சானடோரியத்தில் பெயர் எழுதிக்கொண்ட பெண் பக்கத்து வீட்டுக்காரரின் மகள். அவள் சிரிக்காமல் விதிகளை வாசித்தாள், கையெழுத்து வாங்கினாள், ஊர் வரைபடம் ஒன்றையும் கொடுத்தாள். எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டுமாம்.

அறை மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் அவள் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. நோயாளிகள் மூன்று வாரமும் தனியார் வீடுகளுக்குப் போகக் கூடாது என்பது விதி. ஆகவே சாயங்காலம் இம்ரிக் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று வினிகர் எங்கே, வலைத்துணி கட்டிய ஜாடி எங்கே, பெட்டை வாத்து ஏன் தின்ன மாட்டேன் என்கிறது என்று கேட்டான். எதெலா கம்பிக்கு இந்தப் பக்கம் முதுகைத் திருப்பி நிற்பாள், அவன் கம்பி இடுக்கில் விரலை விட்டுச் சடை போட்டுவிடுவான். ஜன்னல் ஜன்னலாகப் பெண்கள் பார்த்தார்கள்.

சேறு அதைவிட மோசம். அவளுக்கு ஒன்றாம் எண் கட்டில். யோலானா கெட்டவள் இல்லை, ஆனால் அவசரக்காரி. முதுகில் சேறு பட்டவுடனே எதெலாவுக்குத் தெரிந்துவிட்டது.

"யோலானா, வாளி அடி வரைக்கும் கையை விட்டுப் பாத்தியா? மேல சுடும், அடியில ஆறிப் போயிருக்கும்."

"அக்கா, நீங்க பேஷண்ட். கண்ணை மூடுங்க."

"கண்ணை மூடினா முதுகு உணராதா?"

படுத்துக் கிடக்கிற நேரமெல்லாம் காது வேலை செய்தது. எந்த வால்வு கசிகிறது, எந்தக் கட்டிலில் கட்டு தளர்ந்துவிட்டது, யார் மூச்சு வாங்குகிறாள் என்று எல்லாம் கேட்டது. வருஷாவருஷம் வருகிற பெண்கள் மணியடித்து யோலானாவைக் கூப்பிடாமல், எதெலா, கொஞ்சம் வாயேன் என்றார்கள். சாப்பாட்டு அறையில் பன்றிக் கொழுப்பே இல்லாத மாவுருண்டையை அவளிடம் காட்டி இதுதான் நியாயமா என்று கேட்டார்கள். முதல் வாரத்திலேயே அவள் ஒரு வால்வைத் திருகிவிட்டாள், வழுக்கிய ஒரு கிழவியைத் தாங்கிப் பிடித்தாள், பழக்கதோஷத்தில் ஒரு வாளியையும் தூக்கிவிட்டாள். தூக்கியதை ஹெட் நர்ஸ் ஹெர்மினா பார்த்துவிட்டாள்.

ஹெர்மினா கஞ்சி போட்ட தொப்பி மாதிரியே விறைப்பானவள். இன்னொரு தடவை வாளியைத் தொட்டால் சிகிச்சையை நிறுத்தி லெஹோட்டாவுக்கு அனுப்பிவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். லெஹோட்டா என்று சொல்லும்போது குரலை ஓர் அழுத்து அழுத்தினாள்.  அன்றிலிருந்து எதெலா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கூப்பிட்டால் தூங்குவதுபோல் நடித்தாள். நாற்பத்தெட்டு வாளி தூக்குவதைவிட அது கஷ்டமாக இருந்தது.

பதினோராம் நாள் காலை, கண்ணாடி முன்னால், வலது கை காது வரைக்கும் ஏறியது. கொண்டை ஊசி ஒன்றை அவளே குத்திக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இறங்கிவிடும் என்று பயம்.

பதின்மூன்றாம் நாள் யோலானா வரவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டதாம். குளியல்கூடத்தில் இரண்டே சேற்றுக்காரிகள். ஒருத்தி கட்டுப்போட்டு வீட்டில் இருந்தாள், இன்னொருத்தி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஒன்றாம் எண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்து ஒன்பது பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். சேறு தொட்டியில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

ஹெர்மினா வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"எதெலா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். ஒன்பது பேர்தான். யாருக்கும் எழுத மாட்டேன்."

"சிஸ்டர், நான் பேஷண்ட்."

"அது தெரியும்."

"நான் லெஹோட்டாக்காரி. இந்த ஊர் வேலை எனக்கென்ன தெரியும்?"

ஹெர்மினாவின் கழுத்து சிவந்தது. எதெலா அந்த ஒன்பது பேரையும் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. மூன்றாவதாக இருந்தவள் வடக்கேயிருந்து வந்த பள்ளிக்கூடத்து டீச்சர். முழங்கால் மடங்காமல் காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எதெலாவின் இடது கை தன்னாலே வாளியைத் தேடியது. பிறகு கொண்டை ஊசி ஞாபகம் வந்தது. பதினெட்டு வாளி. பதின்மூன்று நாளும் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். அப்புறம் சாவி அறை. அம்மாவின் நாற்காலி.

கையைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டாள். "தூக்க மாட்டேன். சொல்லித் தரேன். என்கிட்டேருந்து ஆரம்பிங்க. என்னைக் கட்டிப் போட்டுட்டீங்கன்னா நானே எழுந்து தூக்கிட மாட்டேன்."

 ஹெர்மினா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கைமடிப்பை மேலே ஏற்றினாள்.

முதல் வாளி பாதி தரையில் போயிற்று. அள்ளும்போது முதுகை வளைக்காதீங்க, முழங்காலை மடக்குங்க என்றாள் எதெலா. கட்டுக்குள்ளே இருந்துகொண்டு, கூரையைப் பார்த்தபடி, சத்தத்தை வைத்தே சொன்னாள். அது தண்ணியாட்டம் விழுது, இன்னும் ஆழமா அள்ளுங்க. டீச்சருக்கு முழங்காலுக்கு அடியில் தனியா ஒரு கை சேறு வையுங்க. இருபது நிமிஷம் ஆயிற்று, அவளை அவிழ்க்க ஆள் இல்லை. நாற்பதும் ஆயிற்று. சேறு ஆறி முதுகில் தகடாக இறுகியது. எதெலா கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. பன்னிரண்டாவது வாளிக்குப் பிறகு ஹெர்மினா பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். மூச்சு மட்டும் கேட்டது.

கடைசி வாளி முடிந்ததும் அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "இவ்வளவு கனம்னு யாரும் எங்கிட்ட சொன்னதே இல்லையே" என்றாள்.

"அஞ்சு தடவை எழுதிக் குடுத்தேன் சிஸ்டர். ஒரு தள்ளுவண்டி வேணும்னு. உங்க மேஜை இடது டிராயர்ல இருக்கும். மொதல்ல என்னை அவுத்து விடுங்க."

அந்தத் தள்ளுவண்டி இரண்டே வாரத்தில் வந்தது. எதெலாவுக்குச் சந்தோஷத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். பத்து வருஷமாக வராத வண்டி, ஹெட் நர்ஸின் முதுகு பிடித்ததும் ஓடிவருகிறதே. இலையுதிர் காலப் பரிசோதனையில் கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். காதைத் தாண்டி உச்சந்தலை வரைக்கும் போயிற்று. சேற்று அறையிலேயே இருக்கலாம் என்று எழுதினார். இம்ரிக்குக்குச் சடை வேலை போயிற்று. பழகிவிட்ட விரல் சும்மா இருக்காமல் பசுமாட்டின் வாலைப் பின்னுகிறான் என்று ரொட்டிக்கடைக்காரி சொல்லித் திரிந்தாள்.

ஹெர்மினாவின் முதுகு அன்று பிடித்தது பிடித்ததுதான், சரியாகவில்லை. அடுத்த வசந்தத்தில் ஒரு நாள், கடைசி நோயாளியும் போன பிறகு, அவள் சேற்று அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கையில் ஒரு கடிதம். எதெலா வாங்கி வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த வரி அவளுக்கு ஆறு வருஷப் பாடம்.

"உன் தங்கச்சி வீட்டுல இன்னொரு பேரைப் பதிய ஒத்துக்குவாளா?" என்று கேட்டாள் ஹெர்மினா.

எதெலா தள்ளுவண்டியைச் சுவரோரம் நிறுத்தினாள். கோபப்படலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஹெர்மினா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற விதம், தோள் வலித்த நாட்களில் தான் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே விதமாக இருந்தது.

"கேட்டுப் பாக்கறேன். ஆனா சிஸ்டர், குளிர்காலத்துல வாத்து இறகு கிழிக்கணும்."

"எத்தனை வாத்து?"

"அவ சும்மா எதையும் தர மாட்டா" என்றாள் எதெலா, துப்பட்டியை உதறி மடித்தபடி. "அப்புறம் இன்னொண்ணு. சீட்டு வேற ஊருக்கு வரும்னு மட்டும் ஆசை வெச்சுக்காதீங்க."